தாய்மீன் தொட்டி

தொதுவாபா மீனின் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்த சில நாட்களுக்குள் ஒரு தடவை நீர்மட்டத்துக்கு ஏறி வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியாக வேண்டும். விழுங்கினால்தான் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பும். அந்தச் சமயத்தைத் தவறவிட்ட குஞ்சுக்கு அப்புறம் வழியில்லை. முதுகு வளைந்து, மிதக்க முடியாமல் நாளெல்லாம் நீந்தி ஓய்ந்து, தொட்டியின் அடியில் போய்க் கிடக்கும். முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஆய்வாளர் யாதிரா உர்க்கீதெஸ் பொரிக்கவைத்த குஞ்சுகள் அப்படித்தான் போயின. தீனியாகப் போடும் நுண்ணுயிர்களுக்குச் சத்தேற்ற மீன் எண்ணெய் கலப்பார்கள். அந்த எண்ணெய் தண்ணீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆடையாகப் படிந்துவிடும். ஊசிமுனை வாயால் அதை முட்டிப் பார்க்கிற குஞ்சுக்கு அது இரும்புக் கதவு.

மூன்றாவது ஆண்டில் அவள் ஒரு வழி கண்டாள். நீர்மட்டத்தை ஒட்டி மெல்லக் காற்று வீசச் செய்து, எண்ணெய் ஆடையை ஒரு மூலைக்குத் தள்ளி, அங்கே மிதக்கும் சட்டத்துக்குள் ஒதுக்கி, காகிதத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அந்த வசந்தத்தில் நுண்ணோக்கியில் பார்த்த குஞ்சுகள் பெரும்பாலானவற்றில், கண்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளிக் குமிழ் மின்னியது. அவள் எழுந்து ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எல்பீதியோவைக் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார் அவர், திணறிப்போய்.

"காத்த முழுங்கிடுச்சு, எல்பீதியோ ஐயா! எல்லாம் முழுங்கிடுச்சு!"

"எது, அந்தத் தூசியா?"

அவர் குஞ்சுகளை அப்படித்தான் சொல்வார். ஒருநாள் அவள் ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளிக் காட்டியபோது வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணு வெச்ச தூசி டாக்டரம்மா. இதுக்கா ராப்பகலா சோறு தண்ணி இல்லாம கெடக்குறீங்க?" என்று கேட்டவர். மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உப்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி கிரிசாந்தா சுட்டுத் தரும் கோதுமை ரொட்டிச் சுருளில் ஒன்றைத் தினமும் யாதிராவின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்.

சான் ஃபெலிப்பேக்குத் தெற்கே, பாலைவனம் கடலில் வந்து முட்டுகிற இடத்தில் இருந்தது அந்த ஆய்வகம். மூன்று கொட்டகைகள். ஒன்றில் பாசியும் தீனி உயிர்களும் வளரும் உருளைகள், அடுத்ததில் குஞ்சுத் தொட்டிகள், கடைசியில் தாய்மீன் தொட்டி. வீடளவு அகலமான அந்த வட்டத் தொட்டியில் எட்டுத் தொதுவாபாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய பெண்மீன் ஆளுயரத்துக்கு இருந்தது. அத்தனையையும் காயம் படாமல் தூண்டிலில் பிடித்துத் தந்தவன் யாதிராவின் தம்பி ரோசெந்தோ. அரசாங்க அனுமதியோடு பிடித்தார்கள். அந்த நாட்களில் அவன் கரையில் நடந்த நடையே வேறு.

அதற்குப் பிறகு காலம் மாறிவிட்டது. வளைகுடாவில் வலையில் சிக்கிச் செத்ததுபோக மிச்சமிருக்கும் சின்னக் கடற்பன்றிகளைக் காப்பாற்ற வலைகளுக்குத் தடை வந்தது. படகு வைத்திருந்தவர்களுக்கு ஈட்டுத்தொகை வந்தது. அவர்களுடைய படகில் கூலிக்குப் போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ரோசெந்தோ கூலிக்குப் போனவன். இந்த மீனின் காற்றுப்பையை, கரையில் சொல்வதுபோல் சொன்னால் நெட்டியை, உலர்த்திப் பெரும் விலைக்குச் சீனாவுக்கு அனுப்புகிற ஆட்கள் ஊருக்குள் வந்து போனார்கள். ரோசெந்தோ சில இரவுகளில் கடலுக்குப் போய் வருவதை யாதிரா அறிவாள். அவள் அறிவாள் என்பது அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பாடு. திருக்கை மீன் புட்டும் ரொட்டியும். யாதிரா அன்று வாய் ஓயாமல் பேசினாள்.

"காத்து முழுங்கினா பாதிக் கிணறு தாண்டின மாதிரிம்மா. இனிமே தீனிதான். சின்னதுல இருந்து பெருசுக்கு மாத்தணும். கொஞ்சம் பிந்தினாலும் ஒண்ணையொண்ணு தின்ன ஆரம்பிச்சிரும்."

"என்னையும் ஒரு தொட்டில போட்டுடுக்கா. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும்," என்றான் ரோசெந்தோ.

"உனக்குத் தொட்டி பத்தாதுடா. தின்னுற தீனிக்கு."

அம்மா சிரித்தாள். ரோசெந்தோவும் சிரித்தான். பிறகு ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே, "நான் புடிச்ச அந்தப் பெரிய பொம்பள எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"ராணி மாதிரி இருக்கா. நீ வந்து பாக்கணும். இப்போ உன்னால தூக்க முடியாது."

அவன் தலையை ஆட்டினான்.

புதன்கிழமை விடியற்காலையில் அவள் ஊரிலிருந்து வண்டியில் வந்தபோது ஆய்வகத்தின் வாயிற்கதவு பூட்டியபடியே இருந்தது. காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. முதலில் அவளுக்குத் தைத்தது வேறொன்று: சத்தம் இல்லை. காற்றடிக்கும் எந்திரத்தின் இரைச்சல் அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அவள் வண்டிக் கதவைச் சாத்தாமலே, பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

எல்பீதியோ தாய்மீன் கொட்டகையின் கடல்பக்கத்து வாசலில் கிடந்தார். தலையின் ஒரு பக்கம் வீங்கி, ரத்தம் மணலில் கறுத்திருந்தது. மூச்சு இருந்தது. அவள் ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து உள்ளே பார்த்தாள்.

தொட்டியில் பாதித் தண்ணீரை வடித்திருந்தார்கள். எட்டு மீன்களும் வயிறு கிழிந்து கிடந்தன. நெட்டியை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை அப்படியே விட்டிருந்தார்கள். பெண்மீன்களின் வயிற்றிலிருந்து சரிந்த முட்டைகள் சிவந்த தண்ணீரில் மிதந்தன. பெரியவள் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அங்கே நிற்கவில்லை. நிற்க நேரமில்லை. விளக்கை அணைக்க யாரோ மின்சாரக் கம்பியை வெட்டியிருந்தார்கள். அதனோடு குஞ்சுத் தொட்டிகளுக்குப் போகும் காற்றும் நின்றிருந்தது. இரண்டாவது கொட்டகைக்குள் ஓடி டீசல் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது இருமிக்கொண்டு கிளம்பியது. தொட்டிகளுக்குள் கிடந்த காற்றுக் கற்களிலிருந்து குமிழிகள் எழுந்தன. விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஆறு தொட்டிகளில் நான்கின் அடியில் குஞ்சுகள் வெள்ளை மாவு கொட்டியதுபோல் படிந்திருந்தன. இரண்டில் மட்டும் உயிர் இருந்தது. நீர்மட்டத்தை ஒட்டி, வாயைப் பிளந்தபடி.

ஆம்புலன்ஸ் வந்து எல்பீதியோவை மெக்சிகாலிக்குக் கொண்டுபோயிற்று. காவல்துறை வந்தது, படம் எடுத்தது, கேள்வி கேட்டது. ஆய்வகத் தலைவர் தூரத்து நகரத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். அவர் அழுதார். வேலைக்கு வரவேண்டிய இரண்டு மாணவிகளின் வீட்டார் அவர்களை அனுப்ப மறுத்துவிட்டார்கள். யாதிரா பதில் சொல்லிக்கொண்டே தீனி உயிர்களை வடிகட்டினாள், கழுவினாள், தொட்டியில் ஊற்றினாள். செத்த குஞ்சுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். எடுக்காவிட்டால் அழுகி, மிச்சத்தையும் கொன்றுவிடும். உயிரோடிருப்பவை தீனிக்குப் பொறுத்திருக்காது. சாப்பிடாத குஞ்சு ஒரே நாளில் தீனியைத் துரத்தக்கூடத் தெம்பில்லாமல் போய்விடும்.

மத்தியானம் ரோசெந்தோ வந்தான். கண்கள் சிவந்திருந்தன. ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்தான். நீர் இறைக்கும் எந்திரம் பழுதாகியிருந்ததால் கடல்நீரை ஆள்தான் சுமக்க வேண்டியிருந்தது. கடல் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அந்தச் சேற்று வெளியைக் கடந்து போய், இரண்டு வாளிகளாகச் சுமந்து சுமந்து, மாலை வரை ஊற்றினான். அன்று அவன் இல்லாவிட்டால் அந்த இரண்டு தொட்டிகளும் பிழைத்திருக்காது. யாதிரா அதைப் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

வியாழனும் வந்தான். வெள்ளியும் வந்தான். வெள்ளிக்கிழமை, பாசித் தண்ணீரைக் குவளையில் மொண்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, வாளியோடு அங்கேயே நின்றான்.

"யாரையும் தொடமாட்டோம்னாங்கக்கா," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலி இல்லாத பக்கம் எதுன்னு கேட்டாங்க. குழாய் பதிச்சப்போ நான்தான வேலை செஞ்சேன். கடல் வத்தினா அந்தப் பக்கமா வண்டியே வரலாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

"நீ வந்தியா?"

அவன் வாளியின் கைப்பிடியைத் திருகினான்.

"செந்தோ. நீ வந்தியா, வரலியா?"

"வண்டில உக்காந்திருந்தேன். உள்ள போகல. சத்தியமா உள்ள போகல. அந்தாளு டார்ச் அடிச்சிக்கிட்டு வந்தாரு. என் மூஞ்சில அடிச்சாரு. 'டேய் செந்தோ, நீயா? அக்காவத் தேடி வந்தியா?'ன்னு கேட்டாரு. பயமே இல்ல அவருக்கு. நான்னு தெரிஞ்சதும் பயமே இல்லாம கிட்ட வந்தாரு." அவன் வாளியைக் கீழே வைத்தான். "பேரு சொல்லிட்டார்ல. அதான் பின்னாடி இருந்தவன் கம்பிய எடுத்தான்."

யாதிரா கையிலிருந்த குவளையைத் தொட்டியில் கவிழ்த்தாள். பச்சை நீர் மெல்லப் பரவியது. குஞ்சுகள் அதற்குள் புகுந்தன. அவளுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. தம்பி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீயா போய் போலீஸ்ல சொல்லு," என்றாள் கடைசியில்.

"சொன்னா என்னை உசிரோட விடமாட்டானுங்கக்கா."

"அவரு உசிரு?"

"அவரு பொழச்சிக்குவாரு. பொழச்சிக்குவார்ல?"

எல்பீதியோ பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்சிகாலி மருத்துவமனையில் கண்ணைத் திறக்காமலே இறந்துபோனார். ஊர்க் கல்லறையில் கூட்டம் நிறைய. ரோசெந்தோ பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவனாக வந்தான். அவனைத்தான் கிரிசாந்தா கூப்பிட்டிருந்தாள், படகுத்துறையில் பழகிய பையன் என்று. அவன் தோளில் அந்தப் பெட்டி ஏறியதைப் பார்த்த யாதிரா கூட்டத்தை விட்டு விலகினாள். கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கிரிசாந்தா ஆய்வகத்துக்கு வந்தாள். துக்கத்துக்கான கறுப்பு உடையில் இல்லை, சாதாரண வீட்டு உடுப்பில், கையில் ரொட்டிச் சுருளோடு.

"மாவு பெசஞ்சிட்டேன் டாக்டரம்மா. பழக்கத்துல ரெண்டு பேருக்குச் சேத்துப் பெசஞ்சிட்டேன்," என்றாள். பிறகு, "அந்தத் தூசியக் காட்டுங்க. வீட்டுக்கு வந்தா அதே பேச்சுதான் அவருக்கு," என்றாள்.

யாதிரா அவளைத் தொட்டிக்கு அழைத்துப்போய் விளக்கைப் பிடித்தாள். கிரிசாந்தா விளிம்பைப் பற்றிக் குனிந்து பார்த்தாள். குஞ்சுகள் அரிசிக் குருணை அளவுக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றும் உடம்பை வளைத்து, நிதானித்து, பாய்ந்து, இரையைக் கவ்வியது.

"இதுக்கா?" என்றாள் கிரிசாந்தா.

யாதிரா விளக்கைத் தாழ்த்தினாள்.

"கோவத்துல கேக்கலம்மா. தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். இதுக்கா?"

அவள் போன பிறகு யாதிரா அந்த ரொட்டியை முழுக்கத் தின்றாள். பிறகு தம்பியைத் தேடிப் போனாள். அம்மா வீட்டுப் பின்கட்டில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்கூட வா. நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே."

"அம்மாவ யோசிச்சியா?"

"அம்மாவையும் நெனச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"அடக்கம் ஆயிருச்சுக்கா. மீனும் போச்சு. இதோட விட்டுரு. என்னைக் குடுத்தா அந்தாளு எந்திரிச்சு வரப்போறாரா?"

"பெட்டியத் தூக்கினியேடா."

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அங்கிருந்து நேராக விசாரணை அதிகாரியிடம் போனாள். தம்பியின் பெயரையும், அவன் சொன்னதையும், அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் பிசகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் துளையில் நுழைக்கத் தெரியாமல் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே ரோசெந்தோவைப் பிடித்தார்கள். மற்றவர்கள் யார் என்று அவன் சொல்லவே இல்லை. கம்பியை எடுத்தவன் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. ஆக, அந்த வழக்கில் சிக்கியவன் அவன் ஒருவன்தான்.

யாதிரா போய்த் தட்டியபோது அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மீனுக்காகவா?"

"மீனுக்காக இல்லம்மா. மனுஷனுக்காக."

"அந்த மனுஷனுக்கு ஒரு பொஞ்சாதி இருக்கா. எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ தொட்டிகிட்டயே இரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஊரும் அதையே சொன்னது. மீனுக்காகத் தம்பியை விற்றவள். அவள் நுழைந்தால் கடையில் பேச்சு நின்றது. யாரோ ஆய்வகச் சுவரில் மீன் முள்ளை வரைந்துவிட்டுப் போனார்கள். கிரிசாந்தாவுக்கு உண்மை தெரிந்த அன்று அவள் யாதிராவிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. வந்து நன்றி சொல்வாள் என்று யாதிராவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த மௌனம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. சவப்பெட்டியைத் தூக்க அவனைக் கூப்பிட்டபோது ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றவள் அல்லவா யாதிரா.

குஞ்சுகள் வளர்ந்தன. நுண்ணுயிர்த் தீனியிலிருந்து உப்பளத்து இறால் குஞ்சுக்கு மாற்றினாள். அங்கிருந்து அரைத்த உலர்தீனிக்கு மாற்றும் நாட்கள்தான் கொடுமை. பெரியது சின்னதை வாலோடு பிடித்து விழுங்கப் பார்க்கும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. இரண்டும் சேர்ந்து சாகும். அவள் விடிந்ததும் வலைத்தட்டால் பெரியதையும் சின்னதையும் பிரிப்பாள், ஜோடி ஜோடியாகச் செத்தவற்றை எடுத்துப் போடுவாள். மாணவிகளில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். புதுக் காவலாளி கைத்துப்பாக்கியோடு வந்தான். குஞ்சுகளை அவன் எட்டிப் பார்த்ததே இல்லை.

மாதம் ஒருமுறை மெக்சிகாலிச் சிறைக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள். முதல் தடவை சிறைக்காவலர் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"தனக்கு அக்கா யாரும் இல்லைன்னு சொல்றான்மா."

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பை திரும்பி வரவில்லை. தின்றானா, வேறு யாருக்காவது கொடுத்தானா என்று கேட்டாள். காவலருக்குத் தெரியவில்லை. சிறைக்குள்ளே அவன் யாரோடும் பேசுவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறான், தூங்குவதே இல்லை என்று மட்டும் சொன்னார்.

கோடை முடிந்து மீன்கள் ஒரு சாண் நீளம் வந்தபோது கடலில் விடும் நாள் குறித்தார்கள். தாய்மீன்கள் இல்லை. இனிப் பிடிக்கவும் அனுமதி வராது என்று தலைவர் சொல்லியிருந்தார். ஆய்வகத்தின் கடைசி ஈடு மீன்கள் இவையே. அதிகாரிகள் சிலர் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருவதாக இருந்தது, ஆனால் பெற்றோர் யாரும் அனுப்பவில்லை. கரையில் சற்றுத் தள்ளி மீனவர்கள் சிலர் படகில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"நல்லா கொழுக்கொழுன்னு விடுங்க டாக்டர். நாங்க இருக்கோம், பாத்துக்குறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாதிரா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கம்பியை எடுத்தவன் அதில் இருக்கிறானா என்றுதான் தெரியாது.

கடலில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளி வாளியாக விட்டார்கள். அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டு கரையேறிவிட்டார்கள். மாணவியும் போய்விட்டாள். கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டு யாதிரா திரும்பினாள்.

மீன்கள் போகவில்லை. அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. நூற்றுக்கணக்கில், வாயை மேலே தூக்கியபடி, அவள் நிழல் விழுந்த இடத்தில் வந்து குவிந்தன. பிறந்த நாளிலிருந்து நிழல் விழுந்தால் தீனி விழும் என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும். ஆளைக் கண்டால் ஓடவேண்டும் என்று அவள் அவற்றைப் பழக்கியிருக்கவில்லை.

"போங்க," என்றாள்.

அவை இன்னும் நெருங்கி வந்தன. ஒன்று அவள் விரலைக் கவ்விப் பார்த்தது.

"போங்க! போய்த் தொலைங்க!" காலி வாளியால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். சிதறின. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூடின. மறுபடியும் அடித்தாள். கரையில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் அழுதுகொண்டே, கை ஓயும்வரை, தண்ணீரை அடித்து அடித்து அவற்றை விரட்டிக்கொண்டிருந்தாள்.